24 நாள் கொண்டாட்டம்

செல்போனில் விளையாடுவதற்குச் சம்பளமா என்கிறீர்களா? உண்டு சார். கோச், ஸ்பான்சர், சீஸன் எல்லாம் உண்டு... ஐ.பி.எல். மாதிரியேதான்!

2020 ஜூலையில் பப்ஜி மொபைல் உலக லீக் தொடங்கியது. கொரோனா காலம் என்பதால் அவரவர் இடத்திலிருந்தே ஆட்டம். ஆசிய அணிகள் மோதிய கிழக்குப் பிரிவில் நம்மூர் ‘ஆரஞ்ச் ராக்’கும் ஒன்று. அணிக்கு நாலு பேர். எதிரியை வீழ்த்தினால் பாயிண்ட். சாகாமல் தாக்குப்பிடித்தால் அதற்குத் தனி பாயிண்ட். பாய்வதா, பதுங்குவதா? நொடியில் முடிவெடுக்க வேண்டும். ‘ஸ்கௌட்’ என்கிற தன்மய் சிங்கும் கூட்டாளிகளும் ஆகஸ்ட் 9-ம் தேதி இரண்டாமிடம் பிடித்துவிட்டார்கள்! முதலிடம், இந்தோனேஷியாவின் பிகெட்ரான்.

செப்டம்பர் 2. லடாக் எல்லையில் பதற்றம். 118 செயலிகளுக்கு மத்திய அரசு தடை போட்டது. பட்டியலில் பப்ஜியும்! (மூலம் தென்கொரியாதான். மொபைலுக்குக் கொண்டுவந்தது சீனாவின் டென்சென்ட். மாட்டியது அதனால்தான்.) பாவு ஏற்றி, பாதிச் சேலை நெய்த பிறகு யாரோ தறியையே தூக்கிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? தென்னேரிப் பக்கம் பட்டு நெய்கிறவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

நவம்பரில் தொடங்கிய உலக சாம்பியன்ஷிப்பில் இந்திய அணி ஒன்றுகூட இல்லை. 2021 ஜூலையில் அதே ஆட்டம் ‘பி.ஜி.எம்.ஐ.’ என்று பெயர் மாற்றி வந்தது. பையன்கள் மறுபடி அணி சேர்ந்தார்கள். 2022 ஜூலை 28-ல் அதுவும் ஸ்டோர்களிலிருந்து மாயம்! 2023 மே மாதம் திரும்பி வந்தபோது கிடைத்தது, 3 மாத சோதனை அனுமதி.