சன்ஃப்ளவர் கவுண்டியின் பருத்தி மானியம்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், மிசிசிப்பி, யாசூ ஆறுகளுக்கு இடைப்பட்ட வண்டல் பூமியை 'டெல்ட்டா' என்கிறார்கள். அதற்குள் இருக்கிறது சன்ஃப்ளவர் கவுண்டி, தலைமையிடம் இண்டியனோலா. பெயர் சூரியகாந்தி, விளைந்ததென்னவோ பருத்தி. அரசு தரும் பருத்தி மானியம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று பார்க்க இந்த ஒரு கவுண்டியே போதும்.

1933-ல் பொருளாதார வீழ்ச்சியால் பருத்தி விலை அதலபாதாளத்தில் கிடந்தது. ரூஸ்வெல்ட் அரசின் வேளாண்மைச் சீரமைப்புச் சட்டப்படி, வயலில் நின்ற பருத்தியைச் சுமார் 1 கோடி ஏக்கரில் உழுது அழித்தார்கள். அழித்ததற்குப் பணம். டெல்ட்டாவில் பாடுபட்டவர்களில் மிகப் பலர் கறுப்பின வாரக் குடிகள். நம்மூர் மேல்வாரம், குடிவாரம் போன்ற ஏற்பாடுதான். ஆனால் மானியக் காசோலை நிலச் சொந்தக்காரர் பெயருக்கு வந்தது. குடியானவரின் பங்கு பழைய கடனில் கழிக்கப்பட்டது, அல்லது கைக்கே வரவில்லை. சாகுபடி குறைந்ததும் குடிகளையும் வெளியேற்றினார்கள். அப்படி வெளியேற்றக்கூடாது என்று சட்டத்துக்குப் பொருள் சொன்ன விவசாயத்துறை வழக்கறிஞர்கள் 1935-ல் வேலை இழந்தார்கள். டெல்ட்டாவின் மிகப் பெரிய பண்ணையை நிர்வகித்த ஆஸ்கர் ஜான்ஸ்டனோ, அதே சட்டத்தை நடத்திய அமைப்பில் நிதிப் பொறுப்பு வகித்தார்!

முப்பது வருடம் கழித்தும் கணக்கு மாறவில்லை. 1965-ஆம் வருடச் சட்டம், பருத்தி நிலத்தைத் தரிசாகப் போட்டால் பணம் என்றது. களைக்கொல்லியும் பறிக்கும் இயந்திரமும் ஏற்கனவே வந்துவிட்டன. 1967-ல் பெரிய பண்ணைகளுக்கு மணிக்கு 1 டாலர் குறைந்தபட்சக் கூலி என்று விதி வந்தது. மூன்றும் சேர்ந்து கூலிகளுக்கு வேலை இல்லாமல் செய்தன. டெல்ட்டாவின் பட்டினியைப் பார்க்க அவ்வருடம் ராபர்ட் கென்னடியே வந்தார். சன்ஃப்ளவர் கவுண்டியின் பெரும் பண்ணையார்களில் ஒருவர் செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லேண்ட். கறுப்பினத்தவரின் உரிமைச் சட்டங்களை எதிர்த்தே பேர்பெற்றவர். அவர் பண்ணைக்கு ஒரே வருடத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் மானியம் வந்தது. அந்தக் காலத்தில் மிசிசிப்பியில் ஏழைக் குழந்தைக்கு அரசு உதவி மாதம் சுமார் 9 டாலர்.

இதே கவுண்டியில் ஆறு வயதில் பருத்தி பறிக்கத் தொடங்கியவர் ஃபேனி லூ ஹேமர். 1962-ல் வாக்காளராகப் பதியப் போனதற்காக, அன்றிரவே பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டார். சிக்கலின் வேர் நிலம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1969-ல் நன்கொடையில் 40 ஏக்கர் வாங்கி ஒரு கூட்டுறவுப் பண்ணை தொடங்கினார். எழுபதுகளில் அது நொடித்துப்போனது.

1970-ல் ஒரு பயிருக்கு ஒருவருக்கு 55,000 டாலர் என உச்சவரம்பு வந்தது. நம்மூர் நில உச்சவரம்பை அறிந்தவர்களுக்கு அடுத்து நடந்ததைச் சொல்லவேண்டியதில்லை. மனைவி, மக்கள், கூட்டு நிறுவனம் என்று பண்ணையைக் கிளை கிளையாகப் பிரித்தார்கள். இந்த வித்தைக்கு 'மிசிசிப்பி கிறிஸ்துமஸ் மரம்' என்றே பெயர் வந்தது.

2002-ஆம் வருடச் சட்டத்தில் பவுண்டுக்கு 72.4 சென்ட் இலக்கு விலை. அதில் 6.67 சென்ட் நேரடி மானியம், சந்தை விலை என்னவானாலும் கிடைக்கும். அது கொடுக்கப்பட்டது இன்றைய விளைச்சலுக்கு அல்ல. முன்பு பருத்தி பயிரிட்டதாகப் பதிவான 'அடிப்படை ஏக்கர்'களுக்கு. அங்கே சோயா போட்டாலும் பருத்திப் பணம் வரும். மென்பொருளில் இப்படி ஒரு பழைய மாறிலியை விட்டுவைத்தால் பிழை என்போம்.

பிரேசில் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு வென்றது. அமெரிக்கா உடனே மானியத்தைத் திருத்தவில்லை. 2010 முதல் பிரேசிலின் பருத்தித் துறைக்கு வருடம் 14.73 கோடி டாலர் வீதம் தரச் சம்மதித்தது. 2014-ல் இன்னும் 30 கோடி கொடுத்து வழக்கை முடித்தார்கள். இதே மானியம் தங்கள் விவசாயிகளின் விலையைக் கெடுக்கிறது என்று 2003 முதல் முறையிட்ட பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி நாடுகளுக்கு அப்படியொரு உடன்பாடு கிடைக்கவில்லை.

2014-ல் பருத்தி பழைய வகை மானியப் பட்டியலிலிருந்து நீங்கியது. 2018-ல் 'விதைப் பருத்தி' என்ற பெயரில் பவுண்டுக்கு 36.7 சென்ட் ஆதார விலையுடன் திரும்பியது. 2025-ஆம் வருடச் சட்டம் அதை 42 சென்ட் ஆக்கியது. சன்ஃப்ளவர் கவுண்டியிலோ இப்போது சோயாவும் மக்காச்சோளமும் பெருகிவிட்டன. அடிப்படை ஏக்கர் இன்றும் நிலத்தோடு ஒட்டியே இருக்கிறது. நிலம் கைமாறினால் அதுவும் சேர்ந்து கைமாறும்.