விருது, வில்லை, பதக்கம்: படைச் சிறப்புச் சொற்கள் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

பெங்களூர் அல்சூர் ஏரியை ஒட்டி மெட்ராஸ் பொறியாளர் படைக்குழுவின் தலைமையிடம் அமைந்துள்ளது. 1780இல் சென்னையில் 'பயனியர்' என்னும் பெயரில் திரட்டப்பட்ட இரு கம்பெனிகளே இப்படையின் தோற்றுவாய். இராணுவ வட்டாரத்தில் இவர்களுக்குத் 'தம்பி' என்பது பெயர். உறவுமுறைச் சொல் ஒன்று படைப்பெயராகவே நிலைத்துவிட்டமைக்கு இஃது அரிய சான்றாகும். இப்படை ஈட்டிய சிறப்புகளுள் 'எகிப்து' என்னும் சொல்லோடு கூடிய ஸ்பிங்ஸ் உருவமும் ஒன்று. இத்தகைய சிறப்புகளைத் தமிழில் எவ்வாறு சுட்டுவது என்பதே இக்கட்டுரையின் வினா.

வீரன் ஒருவனுக்கு அளிக்கப்படும் பதக்கமும் படையணி முழுமைக்கும் அளிக்கப்படும் சிறப்பும் ஒன்றல்ல. முன்னது பெற்றவனுக்கு உரியது. பின்னதோ, ஈட்டியவர் அனைவரும் மறைந்த பின்னும் அணியோடு நிற்கும். இருநூறு ஆண்டு கழித்துச் சேரும் இளைஞனுக்கும் உரிமையாகும். தமிழ் இதழ்கள் இரண்டையும் 'விருது' என்ற ஒரே சொல்லால் குறிக்கின்றன. 'பிரசிடெண்ட்ஸ் கலர்ஸ்' என்பதைக் 'குடியரசுத் தலைவரின் வண்ணங்கள்' என்று பெயர்த்திருந்ததை இக்கட்டுரையாளர் ஒரு செய்தியில் கண்டதுண்டு. படைவழக்கில் கலர் என்பது கொடி, வண்ணமன்று.

இவ்வேறுபாடு தமிழ் மரபுக்குப் புதிதன்று. பகைவேந்தர் படையினின்று தம் படையை வேறுபடுத்தி அறிய மூவேந்தர் தானைகள் போந்தை, வேம்பு, ஆர் ஆகிய பூக்களைச் சூடியமையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் சுட்டுகிறது. இது படை முழுமைக்கும் உரிய அடையாளம். அதே இயல் கூறும் 'மாராயம்' என்பதோ வேந்தன் தனி வீரனுக்கு அளிக்கும் சிறப்பு. ஏனாதிப் பட்டமும் அதனோடு அளிக்கப்பட்ட மோதிரமும் இவ்வகையின. ஆக, குழு அடையாளத்துக்கும் தனியாள் சிறப்புக்கும் வெவ்வேறு சொற்களும் வெவ்வேறு பொருள்களும் வழங்கிவந்துள்ளன.

'விருது' என்பது வடமொழி 'பிருத' என்பதன் தமிழ் வடிவம். கன்னடத்திலும் தெலுங்கிலும் 'பிருது' என வழங்குகிறது. பட்டப்பெயர், வெற்றிச் சின்னம், கொடி என்னும் பொருள்கள் இதற்குண்டு. பரிசு என்னும் இன்றைய பொருள் பிற்பட்டது. 'பதக்கம்' மார்பில் தொங்கும் அணியைக் குறித்த சொல். மெடலுக்கு அது இயல்பாகப் பொருந்தியது. சீருடையில் அணியும் பேட்ஜுக்குப் பேச்சுவழக்கில் 'வில்லை' என்ற நல்ல சொல் இருந்தது. அலுவலகச் சேவகரை வில்லைச் சேவகர் என்றே அழைத்தனர். கலைச்சொல்லாக்கத்தில் நாம் இச்சொல்லைக் கைவிட்டு 'சின்னம்' என்ற பொதுச்சொல்லைப் பற்றிக்கொண்டது இழப்பே.

1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அவ்வெற்றிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி வார்த்த பதக்கம் மொழியியலாருக்கு விருந்து. ஒருபுறம் கோட்டைத் தாக்குதலும் பாரசீக வாசகமும். மறுபுறம் பிரிட்டிஷ் சிங்கம் புலியை வீழ்த்தும் காட்சி. மேலே பறக்கும் கொடியில் 'அசதுல்லாஹில் காலிப்', அதாவது 'இறைவனின் சிங்கமே வெல்வது' என்னும் அரபுத் தொடர். இது திப்புவின் சொந்தத் தொடர். புலிமுக வடிவில் இவ்வெழுத்துகளை அமைத்துத் தம் படைக்கலங்களில் அவர் பொறித்திருந்தார். அரபில் 'அசத்' சிங்கமே. திப்புவோ அதற்குப் புலியின் முகத்தைத் தந்தார். கம்பெனி அத்தொடரை எழுத்துப் பிசகாமல் எடுத்து, சிங்கத்தைப் பிரிட்டனாகவும் புலியைத் திப்புவாகவும் ஆக்கியது. சொல் மாறவில்லை, சுட்டுப்பொருள் தலைகீழாயிற்று. பதக்கத்தின் உலோகமும் பேசியது: மேலதிகாரிக்குப் பொன், சிப்பாய்க்கு வெள்ளீயம்.

ஸ்பிங்ஸின் கதை வேறு. 1801இல் பிரெஞ்சுக்காரரை எதிர்க்க இந்தியாவிலிருந்து பெயர்டு தலைமையில் சென்ற படை செங்கடற்கரைக் குசெய்ரில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட பாலையைக் கடந்து நைல் ஆற்றை அடைந்தது. அதற்குள் கெய்ரோ பணிந்துவிட்டது. ஆகவே இச்சிறப்பு சுட்டுவது போரையன்று, வழிநடையை. 'போர்ச் சிறப்பு' என்று பெயர்த்தால் பொருள் இங்கே வழுவுகிறது.

விடுதலைக்குப் பின் எழுந்த சிக்கல் இதனினும் நுட்பமானது. இந்திய மண்ணில் இந்தியரை எதிர்த்து ஈட்டிய பழஞ்சிறப்புகளை இராணுவம் 'ரிபக்னன்ட்' என வகைப்படுத்தியது. அவற்றுக்கு விழா எடுப்பதில்லை. செரிங்கபட்டமும் 1803 செப்டம்பர் 23இல் மராத்தியரோடு நடந்த அசாயேயும் இவ்வகையில் அடங்கும். ஆயினும் அசாயேயின் யானை, வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் படையணியின் வில்லையில் இன்றும் நிற்கிறது. பொருள் விலக்கப்பட்டது, குறி நீடிக்கிறது. இந்த ஆங்கிலச் சொல்லைப் பொதுவழக்கை ஒட்டி 'அருவருக்கத்தக்க' என்று பெயர்ப்பது அன்று போரிட்ட சிப்பாய்களை இகழ்வதாகும்; சட்டவழக்கை ஒட்டி 'முரணான' என்றால் எதற்கு முரண் என்ற வினா எழும். 'ஏலாச் சிறப்பு' என்பது என் பரிந்துரை. ஏற்பதில்லை என்ற முடிவை மட்டும் அது சொல்கிறது. மைசூர் நாட்டு வாசகரும் சிப்பாய்களின் வழிவந்தோரும் ஒருங்கே படிக்கக்கூடிய சொல் வேண்டுமெனில் இவ்வடக்கம் தேவை.

ஊர்ப்பெயர்களிலும் கவனம் வேண்டும். 1781இல் ஹைதர் அலியோடு போர் நடந்த சோளிங்கர், கொடியில் 'ஷோலிங்கூர்' என உறைந்துள்ளது. ஊரைக் குறிக்கும்போது சோளிங்கர் என்றும், சிறப்பைக் குறிக்கும்போது மேற்கோட்குறிக்குள் உறைந்த வடிவத்தையும் எழுதலாம். திருத்துவது ஆவணத்தை மாற்றுவதாகும். குறிக்கோள் தொடர்களின் நிலை இதற்கு மாறானது. பிரிட்டிஷ் பொறியாளர் படைக்கு 1832இல் வழங்கப்பட்ட 'உபீக்வே' என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'எங்கும்' என்று பொருள். இந்தியப் பொறியாளர் படையின் 'சர்வத்ரா' அதன் நேர்பெயர்ப்பு. அங்கே சொல் மாறியது, பொருள் நின்றது.

மூன்று சொற்களை முன்வைக்கலாம். அணிவது வில்லை, தனியாள் பெறுவது பதக்கம், படையணி ஈட்டிக் கொடியில் பொறிப்பது 'கொடிவிருது'. விடுதலைக்குப் பிந்தைய தித்வால், பசந்தர் ஆறு போன்ற சிறப்புகளுக்கும் இது பொருந்தும். போர்முனை முழுமைக்கும் உரிய 'ஜம்மு காஷ்மீர் 1947-48' போன்றவற்றைக் 'களவிருது' எனப் பிரித்துக் கூறலாம். தரைப்படைத் தலைமைத் தளபதி அணிகளுக்கு வழங்கும் பாராட்டு, கொடியில் ஏறாதது. எனவே அதனை 'அணிப் பாராட்டு' என்றே நிறுத்திக்கொள்வது தகும்.