மூன்றாவது வாசல்

குரும்பலூரில் கூட்டம் முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது தோழர் ஒருவர் கேட்டார்: "தென்னாப்பிரிக்காவுல வெள்ளைக்காரன் போர்டு எழுதி மாட்டினான், எதிர்த்தாங்க. நம்ம ஊர்த் தெருவுல எங்க போர்டு இருக்கு? எதைக் கழட்டச் சொல்றது?" ஆதங்கம் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

ஒப்பந்தத் தொழிலாளர் 342 பேர் சென்னையிலிருந்து நேட்டாலில் போய் இறங்கியது 1860 நவம்பரில். 1894இல் காந்தியின் முயற்சியால் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. ஆண்டுச் சந்தா 3 பவுன். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள்மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த வரியும் வருஷத்துக்கு 3 பவுன்தான். முதலாண்டுக் கூலியோ மாதம் 10 ஷில்லிங். அதாவது வரி என்பது ஆறு மாசக் கூலி. வரிக்கே வழியில்லாதவன் சந்தாவுக்கு எங்கே போவான்? அது வணிகர்களின் சங்கமாகவே இருந்தது.

டர்பன் தபால் நிலையத்துக்கு அப்போது இரண்டு வாசல்கள். ஒன்று வெள்ளையருக்கு, மற்றது ஆப்பிரிக்கருக்கும் ஆசியருக்கும். காங்கிரஸ் முறையிட்டது. 1895இல் கிடைத்தது மூன்றாவது வாசல். ஒதுக்கல் ஒழியவில்லை, படி ஒன்று கூடியது. படிநிலை நமக்குப் புதிதா என்ன?

வரியை உடைத்தவர்கள் வேறு ஆட்கள். 1913 அக்டோபரில் டிரான்ஸ்வாலின் தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளரை அழைத்தார்கள். வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. சிறை சென்ற வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தபோது வயது 16. அந்த ஆண்டே வரி ரத்தாயிற்று. ஆனால் ஆப்பிரிக்கரின் நிலத்தைப் பறித்த 1913ஆம் ஆண்டுச் சட்டம் இப்போராட்டத்தின் கோரிக்கைகளில் இடம்பெறவில்லை. வள்ளியம்மையைத் தியாகியாக்கிய நம் கதையாடல் இந்த மௌனத்தைப் பேசுவதில்லை.

அக்காலத்தில் தென்னாப்பிரிக்க நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர் இரட்டைமலை சீனிவாசன். எழுதப்பட்ட ஒதுக்கலை அங்கே கண்டவர், எழுதப்படாததை இங்கே பிறப்பிலேயே அறிந்தவர். ஊர் திரும்பி 1924இல் சென்னைச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுத்தெரு, கிணறு, குளம், அலுவலகம் எங்கும் தாழ்த்தப்பட்டோர் செல்லத் தடையில்லை. தடை எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆனாலும் 'தடையில்லை' என்று அரசு எழுத வேண்டியிருந்தது. நேட்டாலில் இருந்த சட்டத்தை நீக்கக் கேட்டார்கள். இங்கே, எழுதாமலே நடந்த சட்டத்தை எழுத்தில் இழுத்துவந்து நிறுத்த வேண்டியிருந்தது.

தோழருக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: போர்டு இல்லாத இடத்தில் அதை முதலில் எழுதிக் காட்டணும், அப்புறம்தான் கழட்ட முடியும். கூடவே நம் அமைப்புகளையும் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். சுவரை இடிக்கவா கூடுகிறோம், நமக்கென்று மூன்றாவது வாசல் வாங்கவா?