வெளியேறும் நீரின் பொறுப்பு: கலிபோர்னிய வண்டற்பொன் அகழ்வும் கழிவுநீர்த் தேக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

ஆற்றுப்படிவுகளில் கலந்துள்ள பொன்னைப் பிரிக்கும் தொழிலுக்கு நீரே முதற்கருவி. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கலிபோர்னியாவில் நீரை எடுக்கும் உரிமை நுட்பமாக வரையறுக்கப்பட்டது. பயன்படுத்திய நீரை வெளியேற்றும் பொறுப்பு அவ்வாறு வரையறுக்கப்படவில்லை. யூபா ஆற்றுப் பள்ளத்தாக்கின் சீரழிவுக்கு இந்த இடைவெளி எவ்வாறு வழிவகுத்தது என்பதையும், ஆற்றின் குறுக்கே எழுப்பிய தேக்கணைகள் ஏன் தீர்வாகவில்லை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வண்டற்பொன், நீர்ப்பீச்சு அகழ்வு, யூபா ஆறு, படிவுக்குளம், சாயர் தீர்ப்பு

1. முன்னுரை

1848 சனவரியில் கலிபோர்னியாவின் கொலோமாவில் பொன் கண்டறியப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் தனியாட்கள் தட்டுகளிலும் மரத்தொட்டிகளிலும் ஆற்றுமணலை அலசிப் பொன் சேர்த்தனர். எளிதில் கிடைத்த பொன் குறைந்ததும் அகழ்வோரின் கவனம் மலைச்சரிவுகளில் புதையுண்டிருந்த தொல்லாறுகளின் சரளைப் படிவுகள் மீது திரும்பியது. 1853இல் நெவாடா சிட்டிக்கு அருகில் எட்வர்ட் மேட்டிசன் என்பார் குழாய் வழியே நீரைப் பீச்சிச் சரிவைக் கரைக்கும் முறையைக் கையாண்டார். இதுவே நீர்ப்பீச்சு அகழ்வின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

கரைந்த சரளையும் மண்ணும் நீண்ட மரக்கால்வாய்களின் வழியே செலுத்தப்பட்டன. பொன்னின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 19; மணலின் ஒப்படர்த்தி 2.65. ஆகவே, கால்வாயின் அடியில் அமைந்த குறுக்குத் தடுப்புகளில் பொன் தங்கியது. நுண்துகள்களைப் பற்றிக்கொள்ள அங்குப் பாதரசமும் இடப்பட்டது. எஞ்சிய மண்ணும் நீரும், அவற்றோடு பாதரசத்தின் ஒரு பகுதியும் கால்வாயின் கடைவாயிலிருந்து நேரே ஓடைகளில் கலந்தன.

2. எடுக்கும் உரிமையும் விடும் பொறுப்பும்

அகழ்வோரின் நீருரிமை, முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முன்னுரிமை என்னும் நெறியில் அமைந்தது. 1855இல் இர்வின் எதிர் பிலிப்ஸ் வழக்கில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் இதனை ஏற்றது. நீரை விற்கவும் வாங்கவும் ‘மைனர்ஸ் இஞ்ச்’ என்னும் அளவை வழக்கிலிருந்தது. குறித்த அழுத்தத்தில் ஒரு சதுர அங்குலத் துளை வழியே பாயும் நீரே அவ்வளவு. சுரங்கத்துள் நுழைந்த நீர் அங்குலக் கணக்கில் அளக்கப்பட்டது. வெளியேறிய நீர் சுமந்து சென்ற மண்ணுக்கு அத்தகைய அளவையும் இல்லை, கணக்கும் இல்லை.

வடக்கு புளூம்ஃபீல்டு நிறுவனம் தன் மாலகாஃப் அகழ்விடத்திலிருந்து கழிவை வெளியேற்ற ஏறத்தாழ 2.4 கி.மீ. நீளச் சுரங்கவழியை 1874இல் முடித்தது. கழிவைத் தேக்குவதற்கன்று, விரைந்து அகற்றுவதற்கே இம்முதலீடு செய்யப்பட்டது என்பது கருதத்தக்கது. சமவெளியில் யூபாவின் படுகை தூர்ந்து உயர்ந்தது. காலப்போக்கில் மேரிஸ்வில் நகரத் தெருக்களையும் விஞ்சியது. கரைகளை உயர்த்தியும் 1875 சனவரி வெள்ளத்தில் நகரம் மூழ்கியது. விளைநிலங்கள் மணலுக்கும் சேற்றுக்கும் அடியில் புதைந்தன.

3. தேக்கணைகளின் தோல்வி

1880இல் மாநில அரசு வடிகால் சட்டமொன்றை இயற்றி, யூபா, பேர் ஆறுகளில் மரக்கிளைகளால் ஆன தடுப்பணைகளை எழுப்பியது. அவை வெள்ளத்தைத் தாங்கவில்லை. 1881இல் அச்சட்டமும் அரசமைப்புக்கு முரணானதென நீக்கப்பட்டது.

அணைகள் வலுவாக இருந்திருப்பினும் சிக்கல் முழுதும் தீர்ந்திராது. நீரில் துகள் படியும் வேகம் அதன் விட்டத்தின் இருமடியைச் சார்ந்தது என 1851இல் ஸ்டோக்ஸ் காட்டினார். இவ்விதிப்படி, அசைவற்ற நீரில் 0.1 மி.மீ. மணல் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏறத்தாழ இரண்டு நிமிடம் போதும், 0.002 மி.மீ. களித்துகளுக்கு மூன்று நாளுக்கு மேல் ஆகும். ஓடும் ஆற்றில் அத்தகைய அமைதி இல்லை. எனவே தடுப்பணை பருமணலை நிறுத்தலாம். நுண்சேறு அதனைக் கடந்துவிடும். அணை நிரம்பியபின் பருமணலும் நில்லாது.

4. சாயர் தீர்ப்பும் அதன் பின்னும்

மேரிஸ்வில்லில் சொத்துடைமை கொண்டிருந்த எட்வர்ட்ஸ் உட்ரஃப் 1882இல் வழக்குத் தொடுத்தார். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1883 சூனில் மலைமேலிருந்த இங்கிலிஷ் அணை உடைந்து யூபாவில் பெருவெள்ளம் பாய்ந்தது. 1884 சனவரி 7 அன்று கூட்டாட்சி நீதிபதி லோரன்சோ சாயர், யூபாவிலும் அதன் துணையாறுகளிலும் கழிவைக் கொட்ட நிலையான தடை விதித்தார். 1850இல் பொன் தேடிக் கலிபோர்னியா வந்தவர்களுள் அவரும் ஒருவர்.

அத்தீர்ப்பு நீர்ப்பீச்சு அகழ்வையே தடைசெய்யவில்லை. கழிவைத் தேக்கும் திட்டம் வெற்றியுடன் நிறைவேறினால் தடையை மாற்றக் கோரலாம் என வாய்ப்பளித்தது. தீங்கு விளையாது என்று மெய்ப்பிக்கும் சுமை இவ்வாறு அகழ்வோர் மீது வந்தது.

1893இன் காமினெட்டிச் சட்டம் இவ்வழியைத் தொடர்ந்தது. படைப் பொறியாளர் மூவர் அடங்கிய கலிபோர்னியக் கழிவு ஆணையத்தின் இசைவுடன், கழிவைத் தேக்குவோர் மட்டுமே அகழலாம் என்றாயிற்று. ஆயினும் யூபாவில் ஆணையம் எழுப்பிய முதல் தடுப்பணை 1907 வெள்ளத்தில் சிதைந்தது. 1917இல் வெளியான குரோவ் கார்ல் கில்பர்ட்டின் ஆய்வு, யூபா வடிநிலத்தில் அகழப்பட்ட கழிவை ஏறத்தாழ 52 கோடி கன மீட்டர் என மதிப்பிட்டது. 1941இல் 79 மீ. உயர எங்கிள்பிரைட் அணை கழிவைத் தேக்குவதற்கென்றே கட்டப்பட்டது. ஆனால் நீர்ப்பீச்சு அகழ்வு பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

5. முடிவுரை

ஆற்றைத் தேக்குவதினும் அகழ்விடத்திலேயே நீரைத் தெளியவைப்பது ஏற்புடையது என்பது பிற்கால நடைமுறை. முதற்குளம் பருமணலையும் அடுத்தவை நுண்சேற்றையும் ஏற்கின்றன. மழைநீர் குளங்களுள் புகாதவாறு சுற்றி விடப்படுகிறது. படிந்த சேறு அவ்வப்போது அகற்றப்படுகிறது. 1988இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வண்டற்பொன் அகழ்விடங்களுக்கு விதித்த வரம்பின்படி, வெளியேறும் ஒரு லிட்டர் நீரில் படியக்கூடிய திண்மம் 0.2 மில்லிலிட்டரைத் தாண்டலாகாது. ஆனால் எளிதில் படியாத களி இவ்வளவீட்டில் அகப்படாது. அதனாலேயே அலசிய நீரை மீண்டும் அலசலுக்கே பயன்படுத்தும் சுழற்சிமுறையும் அவ்விதிகளுக்கு அடிப்படையாயிற்று. படியாததை வெளியே விடாதிருப்பதே அதன் நோக்கம்.

உள்ளே வரும் நீரை மட்டும் அளந்த தொழில், வெளியேறும் நீரையும் அளக்கத் தொடங்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அக்காலத்தாழ்வின் விலையைச் செலுத்தியவர்கள் பொன்னில் பங்கு பெறாத சமவெளி உழவர்கள். யூபாவின் வண்டலில் தங்கிவிட்ட பாதரசம், அவ்விலை இன்னும் தீரவில்லை என்பதற்குச் சான்றாகும்.