பேதியை நிறுத்தாத மருந்து

குழந்தைகள் வார்டில் ட்ரிப்ஸ் பாட்டிலுக்கு இருக்கிற மரியாதை, பேதிக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓஆர்எஸ் பாக்கெட்டுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. மதுரைப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்த காலமெல்லாம் இதைப் பார்த்தேன். "குளுக்கோஸ் ஏத்துங்க சிஸ்டர், பொடியக் குடுத்து அனுப்பிராதீங்க" என்று தாய்மார்கள் கெஞ்சுவார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமே வந்ததில்லை. அந்தப் பொடி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால்தானே தெரியும்? பணி ஓய்வுக்குப் பிறகு அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். மருந்தைக் கண்டுபிடித்தவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அதைத் தாய்க்குப் புரியவைக்க வீடு வீடாக நடந்தவர்களைப் பற்றி எழுதியது குறைவு.

பேதியில் பிள்ளை இறப்பது பெரும்பாலும் உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும் வடிந்துபோவதால்தான். கண் குழி விழும், உச்சிக்குழி உள்ளே இறங்கும், அழுதால் கண்ணீர் வராது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நிற்கும். அந்தப் பொடி வருமுன் இதற்கு நம்பகமான ஒரே வைத்தியமாக இருந்தது, நரம்பில் ஏற்றும் சலைன். அதற்குச் சுத்தமான பாட்டில் வேண்டும், ஊசி வேண்டும், பிள்ளையின் மெல்லிய நரம்பைத் தேடிப் பிடிக்கத் தெரிந்த கை வேண்டும். வீட்டில் என்ன செய்தார்கள்? "தண்ணி குடுத்தா இன்னும் போகும்" என்று வாயைக் கட்டினார்கள். அப்பத்தாக்களை இதற்காகக் குறை சொல்ல நான் ஒப்பமாட்டேன். குடலுக்கு ஓய்வு கொடு, ஆகாரத்தை நிறுத்து என்று படித்த மருத்துவர்களும் வெகுகாலம் சொல்லிவந்தார்கள்.

1953-ல் கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்த அனுபவத்தை 'லான்செட்' இதழில் எழுதினார். உலகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அது ஏன் வேலை செய்கிறது என்ற விளக்கம் அப்போது யாரிடமும் இல்லை. 1960-ல் ராபர்ட் கிரேன் அதைச் சொன்னார்: சிறுகுடலின் சுவரில் சோடியமும் குளுக்கோசும் சேர்ந்தே உள்ளே போகின்றன. இரண்டு சாவி போட்டால்தான் திறக்கிற வங்கி லாக்கர் மாதிரி, ஒன்று மட்டும் வந்தால் அந்த வழி திறப்பதில்லை. இரண்டும் உள்ளே போனால் தண்ணீர் பின்னாலேயே போகிறது. காலராவிலும் இந்த வழி கெடுவதில்லை. 1968-ல் டாக்கா காலரா ஆய்வகத்தில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள் இதை நோயாளிகளிடம் நிரூபித்தார்கள். எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவையும் வாய்வழியே திருப்பிக் கொடுத்தபோது, சலைன் தேவை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

அதுவும் ஆய்வகச் சுவருக்குள் நடந்ததுதான். பெரிய அளவில் வெளியே வந்தது 1971-ல். போருக்குத் தப்பி, கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து சுமார் ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். எல்லையோர ஊரான போங்கானில் காலரா பரவியது. ஆஸ்பத்திரித் தரையெல்லாம் நோயாளிகள், மலமும் வாந்தியும். கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையத்தில் இருந்த திலீப் மஹாலனாபிஸ் அங்கே போனார். அவர் குழந்தை மருத்துவம் படித்தவர். சலைன் தீர்ந்துகொண்டிருந்தது, இருந்ததை ஏற்றவும் ஆள் போதவில்லை. மையத்தின் நூலக அறையில் பொட்டலம் கட்டச் சொன்னார். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. குழாய் வைத்த டிரம்களில் கரைத்து வைத்தார்கள். தாய், தகப்பன், அண்ணன் என்று கூட வந்தவர்களே குவளையில் பிடித்துப் புகட்டினார்கள். 3,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். முகாம்களில் நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு, அவர் பொறுப்பில் 3.6 விழுக்காடாக இறங்கியது.

இந்தக் கணக்கைப் படிக்கும்போது என் கண் நிற்பது அந்தக் குவளை பிடித்த கைகளில்தான். தேர்ந்த செவிலியர் செய்யவேண்டிய வேலையை அகதியாக வந்த தாய் செய்தாள், சரியாகவும் செய்தாள். வேறு கதியில்லாமல் நடந்த இதைத்தான் மருத்துவ உலகம் நம்ப மறுத்தது. மஹாலனாபிஸின் கட்டுரை அச்சேற 1973 ஆயிற்று. 1978-ல் 'லான்செட்' தலையங்கம் இந்த முறையை இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது. அவர் 2022-ல் காலமானார். மறு வருடம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

கிழக்குப் பாகிஸ்தான் சுதந்திர வங்கதேசமான பிறகு, அங்கே பாக்கெட் போட்டு எல்லாக் கிராமத்துக்கும் அனுப்ப வழியில்லை. ஃபஸ்லே ஹசன் ஆபேத் தொடங்கிய பிராக் என்ற தொண்டு நிறுவனம், 1979-ல் சில்ஹெட் பக்கம் ஷால்லாவில் சோதித்துப் பார்த்துவிட்டு, 1980-லிருந்து பத்து வருடம் ஒரு வேலையை விடாமல் செய்தது. பெண் பணியாளர்கள் குழுவாக ஊர் ஊராக நடந்து, வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொரு தாய்க்கும் நேருக்கு நேர் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். லொபோன்-குர் என்பார்கள், உப்பு-வெல்லம். சொல்வதோடு விடாமல் அந்தத் தாயையே செய்யச் சொன்னார்கள். அவள் வீட்டுச் சொம்பில் அரை சேர் எதுவரை என்று அளந்து குறி வைத்தார்கள்.

இந்தக் குறியை வியந்து படித்தேன். எங்கள் வார்டுக்கு வந்த பிள்ளைகளில் சிலர், ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் குடித்தவர்கள். உப்பு மிஞ்சினால் பிள்ளைக்கு வலிப்பே வரும். 'அளவாகத் தண்ணீர் ஊற்றுங்கள்' என்று சொன்னோமே தவிர, எந்தப் பாத்திரத்தில், எதுவரை என்று எங்களில் எத்தனை பேர் கேட்டோம்?

பிராக்கில் பணியாளரின் சம்பளத்துக்கு ஒரு விதி இருந்தது. சில வாரம் கழித்து வேறொருவர் போய், சொல்லிக் கொடுத்த தாய்மார்களில் சிலரைப் பார்ப்பார். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, அவள் கலக்கிய கரைசலின் மாதிரி ஆய்வகத்தில் எப்படித் தேறுகிறது என்பதைப் பொறுத்துச் சம்பளம். எத்தனை வீடு ஏறினாய் என்ற கணக்குக்குக் காசு இல்லை. ஒரு சுகாதாரத் திட்டத்தில் இதைவிட நேர்மையான ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

அப்படியும் ஆரம்பத்தில் தோற்றார்கள். தாய்மார்கள் பாடத்தை ஒப்பித்தார்கள், பிள்ளைக்குப் பேதியானபோது கலக்கவில்லை. விசாரித்தால், சொல்லிக் கொடுத்த பணியாளர்களிலேயே பலருக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவர்களை டாக்கா காலரா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், கரைசல் வயிற்றில் என்ன செய்கிறது என்று காட்டினார்கள். ஆண்களிடம் யாரும் பேசவில்லை என்பதும் தெரிந்தது. பிறகு கடைத்தெருவிலும் மசூதியிலும் பள்ளியிலும் கூட்டம் போட்டார்கள்.

இன்னொன்று இதைவிட ஆழமானது. ஊர்த் தாய்மார்களுக்குப் பேதி ஒன்றல்ல, நான்கு. பால்குடிப் பிள்ளைக்கு வருவது, செரிக்காமல் போவது, சீதபேதி, தண்ணீராய்ப் பீய்ச்சுகிற 'டாயரியா'. நீங்கள் டாயரியாவுக்குத்தானே சொன்னீர்கள் என்று மற்ற மூன்றுக்கும் அவர்கள் கொடுக்கவில்லை. நம் ஊரிலும் மாந்தம் வேறு, சூட்டுப்பேதி வேறு, பல் முளைக்கிறபோது வருவது வேறு. "பல்லு முளைக்குது, அதான் சிஸ்டர்" என்று மூன்று நாள் வீட்டில் வைத்திருந்து தூக்கிவந்த பிள்ளைகளை நான் ஏந்தியிருக்கிறேன். தாய் வைத்திருக்கிற வகைப்பாட்டைக் கேட்காமல் ஆரம்பிக்கிற பாடம் அவள் காதில் விழாது என்பதை பிராக் பணியாளர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

பத்து ஆண்டில் 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். இன்று பேதி வந்த பிள்ளைக்கு இந்தக் கரைசலைக் கொடுப்பதில் வங்கதேசம் உலகிலேயே முன்வரிசையில் நிற்கிறது. இந்தியாவில் 2019-21 குடும்பநல ஆய்வின்படி, பேதி கண்ட பிள்ளைகளில் 60.6 விழுக்காட்டினருக்குத்தான் ஓஆர்எஸ் கிடைத்திருக்கிறது.

மிச்சம் நாற்பது ஏன் என்று எனக்கு ஓரளவு தெரியும். தாய் கேட்பது பேதியை நிறுத்துகிற மருந்து. ஓஆர்எஸ் பேதியை நிறுத்தாது. போன தண்ணீரைத் திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். பேதி தானாக நிற்கும்வரை பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லாவிட்டால், நாலு தடவை புகட்டிவிட்டு, "இன்னும் நிக்கலையே, இது சரிப்படாது" என்று அவள் பாக்கெட்டைத் தூக்கிப் போடுவது நியாயம்தான். அதனால் நான் பாக்கெட்டைப் பிரிக்கும் முன்பே சொல்வேன்: "இது நிறுத்தாது தாயி. ஒவ்வொரு தடவ போனதுக்கும் அளவாக் குடு. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக் குடு. தாய்ப்பால நிறுத்தாத. ரத்தமாப் போனாலோ, குடிக்க முடியாமத் துவண்டாலோ, ஒண்ணுக்குப் போகாம இருந்தாலோ உடனே தூக்கிட்டு வந்துரு." சொல்ல ஐந்து நிமிஷம்கூட ஆகாது. நெரிசலான வார்டில் அந்த ஐந்து நிமிஷம்தான் முதலில் காணாமல் போகும்.

2002-ல் உலக சுகாதார நிறுவனம் உப்பையும் சர்க்கரையையும் குறைத்து அளவை மாற்றியது. இப்போதைய ஒரு லிட்டர் பாக்கெட் 20.5 கிராம். 2004-ல் துத்தநாக மாத்திரையும் சேர்ந்தது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10, மொத்தம் 14 நாள். இதில் பாடம் தலைகீழாகிறது. மூன்றாம் நாள் பேதி நின்றதும், "அதான் நின்னுருச்சே, இனி எதுக்கு மாத்திர?" என்று தாய் கேட்பாள். அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் திரும்பப் பேதி வருவதைக் குறைக்கத்தான் மீதி மாத்திரை என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். அவள் மாமியாருக்கும், ஆட்டோவில் கூட்டிவந்த புருஷனுக்கும் சேர்த்து.