இரட்டையர் இசையும் புதுவை ரசிகர்களும்

எம்.எஸ். விசுவநாதனும் ராமமூர்த்தியும் இணைந்து திரைப்படங்களுக்கு இசையமைத்த காலம் 1952-ஆம் வருஷத்துப் 'பணம்' படத்தில் தொடங்கி 1965-ஆம் வருஷத்து 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு முடிந்தது. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே புதுச்சேரியும் தன் சரித்திரத்தின் மிகப் பெரிய மாறுதலைக் கண்டது: 1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தை ஒப்படைத்தனர்; 1962 ஆகஸ்டு 16-ந் தேதி இப்பிரதேசம் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. ஆகவே அந்நாளில் இங்கே வாலிபராயிருந்தவர்களின் நெஞ்சில் கொடி மாறிய ஞாபகமும், 'பாவ மன்னிப்பு', 'பாலும் பழமும்' பாட்டுக்களின் ஞாபகமும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடப்பதில் வியப்பில்லை. இவ்வூருக்கென்று ஒரு வானொலி நிலையம் 1967-இல்தான் வந்தது. அதுவரையில் கடலைத் தாண்டி வந்த இலங்கை வானொலியும், சினிமாக் கொட்டகைகளுமே ஜனங்களுக்குப் பாட்டைக் கொண்டுவந்து சேர்த்தன. இன்றைக்கும் அஜந்தா சிக்னல் என்றும் ராஜா தியேட்டர் சிக்னல் என்றும் நாற்சந்திகளுக்குக் கொட்டகைகளின் பெயரையே சொல்லி வழிகாட்டுகிற ஊர் இது.

மற்ற ஊர் ரசிகர்களுக்கு வாய்க்காத ஓர் உரைகல், இவ்விருவரின் கலையை மதிப்பிடுவதற்குப் புதுவையாருக்கு வாய்த்தது. பிரெஞ்சு அரசாங்கத்தின் பள்ளிகளில் தமிழாசிரியராயிருந்து, பெருமாள் கோயில் வீதியில் குடியிருந்த பாரதிதாசன் 1964 ஏப்ரல் 21-இல் காலமானார். அவர் மறைந்த மறு வருஷமே அவருடைய இரண்டு கவிதைகள் திரையில் ஒலித்தன. தமிழை அமுதாகப் போற்றுகிற கவிதையைப் 'பஞ்சவர்ணக்கிளி' படத்தில் பி. சுசீலா பாடினார், அதற்கு இசை இரட்டையர். சங்கை முழக்கச் சொல்லுகிற கவிதையைக் 'கலங்கரை விளக்கம்' படத்தில் சீர்காழி கோவிந்தராஜனும் சுசீலாவும் பாடினர். அதற்கு இசை விசுவநாதன் மட்டுமே. ஒரே கவிஞர், ஒரே வருஷம், ஒன்று பிரிவுக்கு முன், மற்றொன்று பிரிவுக்குப் பின்! தங்கள் ஊர்க் கவியின் சொற்களை ஒவ்வோர் எழுத்தாக அறிந்திருந்த மனிதர்கள், மெட்டு அச்சொற்களுக்கு எவ்வளவு இடங்கொடுத்தது என்று எடைபோடத் தொடங்கினார்கள். சுசீலாவின் குரலைத் தாங்கிக்கொண்டு வாத்தியங்கள் அடக்கமாக ஒதுங்கி நிற்கும் முந்தைய பாட்டில் பிடில் வித்வானான ராமமூர்த்தியின் கையே தெரிகிறது என்று ஒரு கட்சி வாதித்தது. சீர்காழியின் உச்ச ஸ்தாயியை நம்பி முரசறைவதுபோல எழும் பிந்தைய பாட்டே, விசுவநாதன் தனித்து நிற்கக்கூடியவர் என்பதற்குப் போதிய சாட்சி என்றது மறு கட்சி. எனக்கு இரண்டாவது கட்சியாரிடமே நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. ஆயினும் முந்தைய பாட்டின் அந்த மென்மையை விசுவநாதன் தனியே அடிக்கடி எட்டினார் என்று சொல்ல மனம் துணியவில்லை.

பிரிவுக்குப் பின் ராமமூர்த்தி 'சாது மிரண்டால்', 'நான்' முதலிய சில படங்களுக்கு இசையமைத்தார். விசுவநாதனோ நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார். ஆனால் இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில் இரண்டு பெயர்களையும் சேர்த்துப் படித்துப் பழகிய கண்கள் அவற்றை மறுபடியும் ஒன்றாகக் காணவே ஏங்கின. முப்பது ஆண்டுகள் கழித்து 1995-இல், சந்தான பாரதி இயக்கிச் சத்யராஜ் நடித்த 'எங்கிருந்தோ வந்தான்' படத்தில் அந்த ஏக்கம் நிறைவேறியது. இப்படம் மலையாளத்துச் 'சித்திரம்' படத்தின் தமிழ் வடிவம். பெயரோ, பாரதியார் புதுவையில் வாழ்ந்த 1908 முதல் 1918 வரையிலான காலத்தில் பாடிய கண்ணன் பாட்டிலிருந்து வந்தது. இதைவிடப் பொருத்தமாக ஒரு தலைப்பை இவ்வூரார் கேட்டிருக்க முடியாது.

எனினும் தீர்ப்பு கடுமையாகவே இருந்தது. அத்தீர்ப்பை யாரும் எழுதி வெளியிடவில்லை. ஒலிநாடாக் கடைகளில் அது தெரிந்தது. வெற்று ஒலிநாடா ஒன்றை வாங்கி, வேண்டிய பாட்டுக்களின் பட்டியலை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொடுத்துப் பதிவு செய்துகொள்வது அந்நாளைய வழக்கம். அறுபது நிமிஷ நாடாவில் பக்கத்துக்கு ஏழெட்டுப் பாட்டுக்கள் அடங்கும். பழைய ரசிகர்களின் பட்டியலில் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' இருந்தது, 'கர்ணன்' இருந்தது, 'காதலிக்க நேரமில்லை' இருந்தது. புதிய படத்தின் பாட்டுக்கு இடம் கிடைக்கவில்லை. வாலிபர்களின் ரசனையையே மாற்றிய 'ரோஜா' படம் வெளிவந்து மூன்று வருஷங்களாகிவிட்டபடியால் இளைஞர்களின் பட்டியலிலும் அதற்கு இடமில்லை.

இந்தத் தீர்ப்பில் ஒரு பாதியை நான் ஏற்கிறேன், மறுபாதியை மறுக்கிறேன். அப்பாட்டுக்கள் நெஞ்சில் தங்கவில்லை என்பது மெய்தான். ஆனால் முதுமையால் அவர்கள் கை தளர்ந்துவிட்டது என்று சொன்னவர்கள், எதனால் முன்பு அவ்விசை பிறந்தது என்பதை மறந்துவிட்டனர். 'புதிய பறவை'யில் சிவாஜி கணேசன் நிம்மதியைத் தேடிப் புலம்பும் பாட்டுக்காக நூற்றுக்கணக்கான வாத்தியங்களைத் திரட்டினார்களே, அத்தனை பேரும் பாடகரோடு ஒரே கூடத்தில் ஒரே மூச்சில் வாசித்த வேளையில், ஒருவர் மெட்டைச் சொல்ல மற்றவர் அதற்கு உடனுக்குடன் பதில் சொல்லும் சம்வாதத்தில் பிறந்த இசை அது. 1995-இலோ பாடகர் ஒரு நாளும் வாத்தியக்காரர் வேறொரு நாளுமாக வந்து தனித்தனியே பதிந்துவிட்டுப் போகலாம்; பிடில் கோஷ்டியின் இடத்தில் கீபோர்டு வந்து உட்கார்ந்துகொண்டது. நண்பர்கள் இருவரும் திரும்பி வந்தார்கள். அவர்கள் கூடி வேலைசெய்த கூடம் திரும்பி வரவில்லை.

2012 ஆகஸ்டில் சென்னையில் தமிழக முதலமைச்சர் ஜெயலலிதா இருவருக்கும் 'திரை இசைச் சக்கரவர்த்தி' என்ற விருதையும், 60 பொற்காசுகளையும் காரையும் வழங்கியபோது, முதியவர்களாய் ஒரே மேடையில் அவர்கள் அமர்ந்திருந்த காட்சியைக் கண்டு இங்கே கண்கலங்காதவர் குறைவு. ராமமூர்த்தி 2013 ஏப்ரலிலும், விசுவநாதன் 2015 ஜூலை 14-லும் மறைந்தனர்.

இன்றும் புதுவையில் கல்யாண மண்டபத்திலோ கோயில் திருவிழாவிலோ மெல்லிசைக் குழுவின் அறிவிப்பாளர், 1968-இல் வந்த பாட்டு ஒன்றுக்குப் பழக்க தோஷத்தால் இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், முன்வரிசையிலிருந்து யாராவது ஒரு பெரியவர் எழுந்து மேடையருகே சென்று, "தம்பி, அறுபத்தைந்துக்குப் பிறகு எம்.எஸ்.வி. மட்டும்தான், ராமமூர்த்தி அண்ணன் பெயரை அதில் சேர்க்காதீர்கள்" என்று திருத்திவிட்டுத்தான் மறுபடியும் உட்காருகிறார்.