விழிப்பிலும் தொடரும் போர்: ஓய்வூதியக் கோப்புகளும் ரிவர்ஸின் நோயாளியும்

'ஷெல் ஷாக்' என்ற பெயர் மருத்துவ ஏடுகளில் இடம்பிடித்தது, 1915 பிப்ரவரி 13ஆம் தேதி 'லான்செட்' இதழில் உளவியலாளர் சார்லஸ் மையர்ஸ் எழுதிய கட்டுரையால். பிரான்சின் லெ துக்கேயில் இருந்த போர் மருத்துவமனைக்கு வந்த மூன்று பிரிட்டிஷ் படையினரைப் பற்றியது அது. ஒருவர் முள்கம்பியில் சிக்கிக் கிடந்தபோது பக்கத்திலேயே குண்டுகள் வெடித்தன. இன்னொருவர் சரிந்த பதுங்குகுழிக்குள் 18 மணி நேரம் புதைந்து கிடந்தார். மூன்றாமவர் செங்கல் குவியலின் மேலிருந்து தூக்கி வீசப்பட்டார். மூவருக்கும் நினைவு, பார்வை, மணம், சுவை ஆகியவை பாதிக்கப்பட்டிருந்தன. கேட்கும் திறனுக்கு மட்டும் பெரிய குறை இல்லை. பேரோசையோடு வெடித்த குண்டு செவியை விட்டுவிட்டு நாக்கையும் மூக்கையும் தாக்குவானேன் என்று மையர்ஸ் வியந்தார். இந்நோய் ஹிஸ்டீரியாவுக்கு நெருக்கமானது என்றும் கருதினார்.

படை நிர்வாகத்துக்கு அந்தப் பெயர் விரைவிலேயே தலைவலியானது. 1917இல் அதற்குப் பதிலாக 'இன்னும் கண்டறியப்படாத நரம்புநிலை' என்ற பொருளில் ஒரு குறிப்பை எழுதும்படி ஆணை பிறந்தது. 1922இல், இந்நோயை விசாரித்த சவுத்பரோ குழுவும் அப்பெயரைக் கைவிடச் சொன்னது. ஆனால் ஓய்வூதியம் கேட்டு வந்தவர்களின் கோப்புகள் பெருகிக்கொண்டே போயின.

எட்கர் ஜோன்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி' இதழில் வெளியிட்ட ஆய்வு இத்தகைய கோப்புகளின் மேல் எழுப்பப்பட்டது. 1854 முதல் வளைகுடாப் போர் வரை போரிட்ட 1,856 பேரின் கோப்புகளில் அவர்கள் தேடியது ஒன்றைத்தான்: விழித்திருக்கும்போதே பழைய நிகழ்வு கண்முன் மறுபடி நிகழ்வதாக உணரும் ஃபிளாஷ்பேக். முதல் உலகப்போர்க் கோப்புகள் 640இல் மூன்றிலும், இரண்டாம் உலகப்போர்க் கோப்புகள் 367இல் ஐந்திலும், வளைகுடாப் போர்க் கோப்புகள் 400இல் 36இலும் அது காணப்பட்டது. முந்தைய போர்களில் மேலோங்கியிருந்தவை உடல்சார்ந்த அறிகுறிகள். ஆகவே மனவடு நோயின் (PTSD) சில கூறுகளேனும் காலத்துக்கும் பண்பாட்டுக்கும் கட்டுப்பட்டவை என்பது அவர்கள் முடிவு.

எண்ணிக்கையில் பிழை காண இடமில்லை. அதிலிருந்து மனித மனத்தைப் பற்றிய முடிவுக்குத் தாவுவதுதான் ஏற்கத்தக்கதாக இல்லை. ஓய்வூதியக் கோப்பு ஊனத்தை விழுக்காட்டில் அளக்க எழுதப்பட்டது. நடுங்கும் கை, படபடக்கும் நெஞ்சு, திக்கும் நாக்கு ஆகியவற்றை மருத்துவரால் நேரில் பார்க்க முடியும். பகலில் ஒருவர் தனக்குள் காண்பதைக் கேட்டால்தான் அறிய முடியும். கேட்கப்படாத கேள்விக்குக் கோப்பில் விடை இராது. அந்த வெற்றிடத்தை நோய் இல்லாமைக்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

கேட்டறிந்த மருத்துவர் ஒருவரின் பதிவு கிடைக்கிறது. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1917 டிசம்பரில் லண்டன் ராயல் மருத்துவக் கழகத்தில் படித்து, 1918 பிப்ரவரியில் 'லான்செட்'டில் அச்சேற்றிய கட்டுரையில் பெயர் சுட்டப்படாத அதிகாரி ஒருவர் வருகிறார். குண்டு வெடித்து வீசப்பட்ட அவர், பல நாள் முன்பு இறந்து உப்பிப்போயிருந்த ஜெர்மானியச் சிப்பாய் ஒருவரின் வயிற்றில் முகம் மோத விழுந்தார். உடல் கிழிந்து, அதன் அழுகல் அவர் வாயை நிறைத்தது. அது என்னவென்று உணர்ந்த பிறகே மயங்கினார். நினைவு திரும்பியதும் ஓயாமல் வாந்தியெடுத்தார். அப்படியும் பல நாள் பணியைத் தொடர்ந்தார். அந்த நாட்களில் அந்தச் சுவையும் நாற்றமும் அவரை விடாமல் துரத்தின என்று ரிவர்ஸ் எழுதுகிறார். மாதங்கள் கழித்து ரிவர்ஸிடம் வந்தபோது, நடந்தது நடந்தபடியே கனவில் வந்துகொண்டிருந்தது. நினைவை ஒதுக்காமல் எதிர்கொள்ளச் சொல்வது ரிவர்ஸின் வழக்கமான முறை. இந்த நினைவில் பற்றிக்கொள்ள ஆறுதலான கூறு ஒன்றுகூட அவருக்குத் தென்படவில்லை; படையை விட்டு விலகி நாட்டுப்புறம் செல்லும்படி சொல்லிவிட்டார்.

இப்பதிவு ஏன் கிடைத்தது என்பதும் எண்ணத்தக்கது. 1898இல் டோரஸ் நீரிணை ஆய்வுப் பயணத்தில் ரிவர்ஸ் பார்வையையும், மையர்ஸ் செவி, மணம், சுவை ஆகியவற்றையும் சோதித்தவர்கள். 1901–02இல் நீலகிரியில் தோடரிடையே தங்கி ஆராய்ந்தபோது அவர்களின் புலனுணர்வையும் ரிவர்ஸ் சோதித்தார். நாக்கும் மூக்கும் என்ன உணர்கின்றன என்று கேட்கப் பழகிய இருவருமே போர் நோயாளிகளிடம் சுவையையும் நாற்றத்தையும் குறித்து வைத்தார்கள். இதைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம். பார்ப்பவரின் பயிற்சிக்கேற்ப அறிகுறி ஏட்டில் ஏறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஜோடி முதல் உலகப்போர் எழுத்தில் அரிது.

இந்தச் சான்றின் வலுவுக்கும் எல்லை உண்டு. விழிப்பில் துரத்திய சுவையும் நாற்றமும் விழுந்த நாளை அடுத்த சில நாட்களுக்கு உரியவை. மாதங்கள் கழித்து ரிவர்ஸ் அழுத்திச் சொல்வது கனவுகளை. இன்றைய பொருளில் அதை ஃபிளாஷ்பேக் என்று முத்திரை குத்துவது மிகை. மேலும் அந்த நோயாளி ஓர் அதிகாரி. மருத்துவரோடு நெடுநேரம் பேசும் வாய்ப்பு சாதாரணச் சிப்பாய்க்கு அரிது.

வளைகுடாப் போர்க் கோப்புகளின் நிலை வேறு. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவக் கழகம் தன் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் மனவடு நோயைச் சேர்த்து, நிகழ்வு மறுபடி நடப்பதாக உணர்வதையும் அறிகுறியாக எழுதியது. வளைகுடாப் போர் நடந்தது 1991இல். அந்த 36 கோப்புகளை எழுதியவர்கள் கேள்விப் பட்டியல் கைவசம் இருந்த மருத்துவர்கள்.

வியட்நாம் போர்வீரர் பற்றிய சர்ச்சையும் ஆவணத்தின் திறனையும் எல்லையையும் காட்டுகிறது. 1980களின் பிற்பகுதியில் நடந்த தேசிய ஆய்வு, களத்தில் இருந்த ஆண்களில் 15.2% பேருக்கு அப்போதும் நோய் இருப்பதாக மதிப்பிட்டது. 2006இல் டோரன்வெண்டும் குழுவும் படை ஆவணங்களை ஒப்பிட்டு, கணிப்பையும் இறுக்கியபோது அது 9.1% ஆனது. ஒருவர் எந்தக் களத்தில் நின்றார் என்பதை ஆவணம் சரிபார்த்துத் தந்தது. அவருக்குள் என்ன நிகழ்ந்தது என்பதை அப்போதும் நேர்காணலில்தான் கேட்க வேண்டியிருந்தது.

ஜோன்ஸின் வாதத்துக்கு மிக நேரடியான சோதனை யாழ்ப்பாணத்தில் கிடைக்கிறது. தயா சோமசுந்தரமும் சிவயோகனும் 1994இல், அதே பிரிட்டிஷ் இதழில், போருக்குள் வாழ்ந்த பொதுமக்கள் 101 பேரை ஆராய்ந்து எழுதினார்கள். போர் நெருக்கடி எதையும் காணாதவர்கள் 6% மட்டுமே. உள நெருக்கடி உடல் உபாதையாக வெளிப்பட்டவர்கள் 41%, மனவடு நோய் உள்ளவர்கள் 27%. தலையிடி, நெஞ்சுநோ என்று வருவோர் நிறைந்த அதே சமூகத்தில், கேட்டபோது மனவடுவும் வெளிப்பட்டது. உடல்மொழி மேலோங்கினால் நினைவின் தொல்லை இராது என்ற அனுமானம் இங்கே நிற்கவில்லை. மாதிரி சிறியது, விகிதங்களை முழுத் தீபகற்பத்துக்கும் நீட்டுவது சரியாகாது. இரண்டும் ஒரே மக்களிடம் இருந்தன என்று காட்ட அது போதும்.

பயங்கரவாதத் தாக்குதல் பற்றிய ஆய்வுகள் ஓய்வூதியக் கோப்பை அறவே விட்டு விலகின. நியூயார்க்கில் 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு ஐந்து முதல் எட்டு வாரங்களுக்குள் தொலைபேசியில் கேட்டறிந்த கலியா குழுவினர், மன்ஹாட்டனின் 110ஆம் தெருவுக்குத் தெற்கே 7.5% பேரிடமும், இரட்டைக் கோபுரங்களை அடுத்த பகுதியில் 20% பேரிடமும் மனவடு நோயின் அறிகுறிகளைக் கண்டார்கள். யாரும் எதற்கும் விண்ணப்பிக்கும் முன்பே கேள்வி கேட்கப்பட்டுவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் ஜோன்ஸ் தரப்பில் ஒன்று எஞ்சுகிறது. 640இல் மூன்று, 367இல் ஐந்து என்ற இரு எண்களும் 1980க்கு முந்தைய போர்களுக்கு உரியவை. அவற்றுக்கிடையிலான உயர்வுக்குக் கையேட்டைக் காரணம் காட்டுவது எளிதல்ல. எண்கள் சிறியவை என்பதால் அதை உயர்வு என்று சொல்வதே தகுமா என்பது ஐயத்துக்குரியது. மறுத்துவிடவும் இப்போதைய சான்று போதவில்லை.